விசாவை இரண்டாக எடுத்தோம்

அப்பாவுக்கு ஆடி அமாவாசை விரதம் பிடிக்கவென்று திருகோணமலைக்கு வந்து மூன்று கிழமையாகிறது. பின்னேரங்களில் டச்சுப் பே கரையில் நடக்கப் போனால் யாராவது ஒருவர் மறித்துக் கேட்காமல் விடுவதில்லை, "ரீச்சர், தாய்லாந்தில் வயதானவர்களுக்கு விசா கொடுக்கிறார்களாமே, நீங்கள் எப்படி எடுத்தீர்கள்?" என்று. கடற்காற்றில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய கதையல்ல இது, அதுவும் கணவனும் மனைவியுமாகப் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது, அதை அவசரத்தில் சொன்னால் பிழையாக விளங்கிவிடும். அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் 26 வருடம் கப்பலில் எஞ்சினியர். கடைசி நான்கு வருடம் தாய்லாந்தில், லேம் சபாங் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சிராச்சா என்ற ஊரில் கரை வேலை. நான் இங்கே படிப்பித்து 60 வயதில் ஓய்வு பெற்றேன். மகன் மெல்பேர்னில். இவருக்கு இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தது, அதற்குப் பிறகு ஒவ்வொரு செக்கப்புக்கும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அடுத்த இரவு திரும்பி வந்து இரண்டு நாள் படுத்துக் கிடப்பார். சிராச்சாவில் இவருக்குப் பழைய சிநேகிதர்கள் இருக்கிறார்கள், நல்ல இதய வைத்தியம் அரை மணித்தியாலத்தில் இருக்கிறது, கடல் இருக்கிறது, கட்டுநாயக்காவிலிருந்து பாங்கொக்குக்கு மூன்றரை மணித்தியாலப் பறப்பு. அவ்வளவுதான் காரணம். ஊரை விட்டுப் போகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம், வருடத்தில் நான்கு மாதம் இங்கேதான் இருக்கப் போகிறோம், உவர்மலை வீடு பூட்டித்தான் இருக்கிறது, விற்கவில்லை.

"மகனிடம் போகலாமே" என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில். அவுஸ்திரேலியாவில் பெற்றோருக்கான சாதாரண விசாவுக்கு இன்றைக்கு விண்ணப்பித்தால் காத்திருக்கும் காலம் 30 வருடத்துக்கு மேல். காசு கட்டி வேகமாகப் போகிற வகைக்கு ஒருவருக்கு 40,000 அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் வேண்டும், அதுவும் இப்போது வேகமில்லை. அங்கே ஓய்வு பெற்றவர்களுக்கென்று இருந்த முதலீட்டு விசாவை 2018 ஜூனில் புதியவர்களுக்கு மூடிவிட்டார்கள். பிரித்தானியாவில் அப்படி இருந்த வழியை 2008 நவம்பரிலேயே மூடியாயிற்று. கனடாவில் ஓய்வு விசா என்று ஒன்று கிடையாது, பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அங்கே இருப்பவர்களுக்கு சூப்பர் விசா இருக்கிறது, 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவையில் ஐந்து வருடம்வரை தங்கலாம். கனடாவில் பிள்ளைகள் இருப்பவர்கள் முதலில் அதைப் பாருங்கள், அது நல்ல வசதி.

இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஒவ்வொரு நாடும் இரண்டாவது ஆளுக்கு ஒரு விலை வைத்திருக்கிறது. ஸ்பெயினில் முதல் ஆள் காட்ட வேண்டிய வருமானத்தில் நாலில் ஒரு பங்கைத் துணைக்காகக் கூடுதலாகக் காட்ட வேண்டும். போர்த்துக்கலில் பாதி. எங்கள் நாட்டிலும் வெளிநாட்டவர்களுக்கு இப்படி ஒரு விசா இருக்கிறது, 55 வயது தாண்டியவர்கள் 15,000 அமெரிக்க டொலரை இங்கே வைப்பிலிட்டு, மாதம் 1,500 டொலர் கொண்டுவர வேண்டும், கூட வருகிற துணைக்கு 750. அதுவும் பாதிதான். கணக்கைப் பார்க்கும்போது நியாயமாகத்தான் தெரியும், ஒரு வீடு ஒரு அடுப்பு, இரண்டு பேருக்கு இரண்டு மடங்கு செலவாகாது என்பது எந்தக் குடும்பப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பாதி விலையோடு ஒரு சொல்லும் ஒட்டிக்கொண்டு வருகிறது. சார்ந்திருப்பவர். அதாவது விசா அவருடையது, நான் அதில் தொங்குகிற ஆள்.

தாய்லாந்தில் அந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. 50 வயது தாண்டிய ஒருவர் ஓய்வுக்காலத்துக்கென்று ஒரு வருட அனுமதி எடுக்க 800,000 பாத் தாய்லாந்து வங்கியில் வைத்திருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம், அல்லது இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 800,000 வரவேண்டும். நம் காசுக்கு 800,000 பாத் என்பது 70 இலட்சம் ரூபாய்க்கு மேலே. மனைவியைச் சார்ந்திருப்பவராகச் சேர்த்தால் அவளுக்குத் தனியாக ஒரு சதம் காட்டத் தேவையில்லை, 50 வயது ஆகியிருக்கவும் தேவையில்லை, திருமணச் சான்றிதழ் மட்டும் காணும். ஆனால் அவளும் தன் பேரில் எடுப்பதென்றால் அவளுக்கும் முழு 800,000. பாதி என்ற பேச்சே இல்லை. ஒன்றில் பூச்சியம், இல்லையென்றால் முழுவதும். கூட்டுக் கணக்கில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டால் அதில் 1,600,000 இருக்க வேண்டும், அதைவிட ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பதைத்தான் குடிவரவு அலுவலகங்கள் விரும்புகின்றன.

நாங்கள் முதலில் கொழும்பில் ஒரு விசா முகவரிடம் போனோம். அவர் ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. "மிஸிஸை ஐயாவுக்குக் கீழே போட்டுவிடலாம், காசு ஒருவர் காட்டினால் காணும், கலியாணச் சேர்ட்டிபிக்கட்டை மட்டும் ஒழுங்காகக் கொண்டுவாங்கோ" என்றார். இவருக்கும் சந்தோஷம், எனக்கும் அந்த நேரம் பிழையாக ஒன்றும் தெரியவில்லை. சரி என்று ஊருக்கு வந்து சான்றிதழைத் தேடத் தொடங்கினோம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வயதில் இந்த மாவட்டத்தில் இருக்கிற நிறையப் பேருக்கு இதே கதை இருக்கும். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது நாங்கள் எல்லோரும் வீட்டை விட்டு ஓடியவர்கள். எங்கள் கலியாணம் 1991இல், இடம்பெயர்ந்து இருந்த இடத்தில், ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில், மஞ்சள் கயிற்றில் ஒரு சிறு தாலி கோத்து நடந்தது. அம்மா கடன் வாங்கிய அரிசியில் பொங்கி எல்லோருக்கும் கொடுத்தார். பதிவு செய்ய அங்கே பதிவாளரும் இல்லை, பதிய வேண்டும் என்ற நினைப்பும் யாருக்கும் இல்லை. 1992இல் மகன் பிறந்தான். 1993இல் திருகோணமலைக்குத் திரும்பி வந்த பிறகுதான், இவருடைய கப்பல் வேலைக்குக் காகிதம் தேவைப்பட்டதால், போய்ப் பதிந்தோம். ஆகவே சான்றிதழில் எங்கள் கலியாணம் 1993.

பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுக்க இரண்டு தடவை போனேன், அது பெரிய வேலையில்லை, தெரிந்த பிள்ளை ஒன்று அங்கே வேலை செய்கிறது, என்னிடம் படித்தவள். பிரச்சினை பெயரில் வந்தது. என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர், அடையாள அட்டையில் அப்பாவின் பெயருக்கு முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் இவருடைய பெயர். ஆங்கில எழுத்திலோ ஒன்றில் எச் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. நமக்கு அது ஒரே பெயர், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற அதே ஆள். வெளிநாட்டு அதிகாரிக்கு அது மூன்று பெண்கள். சமாதான நீதவானிடம் போய் சத்தியக்கடதாசி முடித்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் போட்டு, பத்தரமுல்லை சுகுருபாயவில் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, பிறகு அதைத் தாய்லாந்து மொழிக்கு மாற்றி அங்கேயும் உறுதிப்படுத்த வேண்டும். இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், விசாவைப் பற்றி யோசிக்க முன்னமே கணவன் மனைவி இருவருடைய எல்லாக் காகிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்து, பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்களுக்கு அதிலேயே இரண்டு மாதம் போனது.

அந்த இரண்டு மாத முடிவில் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தபோது முகவர் மகனுடைய பிறந்த தேதியைப் பார்த்தார், கலியாணத் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை எப்படி விளங்கப்படுத்தப் போறீங்கள்?" என்று கேட்டார். விண்ணப்பத்துக்கு மகனுடைய தேதி தேவையே இல்லை, அவருக்கு அது தெரியாதா என்ன. என் கணவர் ஏதோ சொல்லத் தொடங்கினார், நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். 34 வருடம் ஒருவரோடு வாழ்ந்துவிட்டு, அந்த வாழ்க்கையில் இரண்டு வருடத்துக்குக் காகிதம் இல்லை என்று ஒரு அந்நியர் என்னைக் கேட்கிறார். அன்று பஸ்ஸில் வரும்போது ஹபரணை தாண்டும்வரை நான் ஒன்றும் பேசவில்லை.

கந்தளாய்க்குக் கிட்டப் பேசினேன். கோபத்தில் பேசவில்லை, அந்த நேரம் எனக்கு சின்னம்மாவின் நினைவு வந்திருந்தது. சித்தப்பா இறந்தபோது வீடு அவர் பேரில், வங்கிக் கணக்கு அவர் பேரில், கரண்ட் பில்கூட அவர் பேரில். சின்னம்மாவுக்கு ஒரு வங்கிக்குள் தனியாக நுழைந்து பழக்கமே இல்லை. எட்டு மாதம் கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் வங்கிக்கும் அலைந்தார், நான்தான் கூடப் போனேன், அழுவதற்குக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அது சொந்த ஊரில், சொந்தப் பாஷையில், சொந்தக்காரர் நடுவில். இதே சங்கதி சிராச்சாவில் எனக்கு நடந்தால்? நான் இவருடைய விசாவில் சார்ந்திருப்பவராக இருக்கிறேன், இவருடைய அனுமதி இருக்கும்வரைதான் என்னுடையதும். இவர் போய்விட்டால், அந்த நாளிலிருந்து நான் அங்கே இருப்பதற்கான காரணமே சட்டப்படி இல்லாமல் போகிறது. அதுபோக, அந்த 800,000 பாத்தும் அவர் பேரில் இருக்கும். கணக்கு முடங்கும். தாய்லாந்தில் இறந்தவருடைய பணத்தை எடுக்க நீதிமன்றம் ஒருவரை நிர்வாகியாக நியமிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வங்கி கொடுக்கும். ஆக, புதிதாக என் பேரில் விசா கேட்கக் காசு வேண்டும், காசு முடங்கிக் கிடக்கும், அது வெளியில் வரும்வரை காத்திருக்க விசா இருக்காது.

இதை நான் சொன்னபோது இவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்டென்ட் வைத்த மனுசனிடம் இதைச் சொல்வது லேசான காரியம் இல்லை. ஆனால் சொல்லத்தான் வேண்டியிருந்தது, இதை அந்த முகவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு இவர், "நீர் சொல்றது சரி. உம்முடைய விசா உம்முடைய பேரிலேயே இருக்கட்டும்" என்றார். பிறகு, "எனக்கு முன்னம் உமக்கு ஏதும் நடந்தாலும் இதே பிரச்சினைதானே" என்றார். அதுவும் உண்மைதான், நான் அவ்வளவு யோசித்திருக்கவில்லை.

காசு எங்களிடம் எப்படி இருந்தது என்றால், இவர் கப்பலில் இருந்த காலம் முழுவதும் சம்பளத்தில் ஒரு பங்கு மாதாமாதம் என் பேரிலிருந்த டொலர் கணக்குக்குத்தான் வரும், கப்பல்காரர் வீடுகளில் அது வழமை. அதை நான் வீட்டுச் செலவுக்குத் தொட்டதில்லை, என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவருடைய கணக்கில் வேறாக இருந்தது. இப்படி டொலராக இருந்ததால்தான் வெளியே அனுப்ப முடிந்தது, ரூபாயில் இருக்கிற சேமிப்பை இங்கேயிருந்து டொலராக மாற்றி வெளிநாட்டு வங்கிக்கு அனுப்புவதற்கு எங்கள் அந்நியச் செலாவணிச் சட்டத்தில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன, ஆகவே பணிக்கொடைப் பணத்தை நம்பி யாரும் விண்ணப்பம் போட்டுவிட வேண்டாம், முதலில் உங்கள் வங்கியில் போய்க் கேளுங்கள். என் ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை அது மாதம் 65,000 பாத்துக்குப் பக்கத்தில்கூட வராது, பத்தில் ஒரு பங்கு வந்தால் பெரிது. அது இங்கே வங்கியில் விழுகிறது, வீட்டு வரிக்கும் திருத்த வேலைக்கும் காணும். வெளிநாட்டில் இருக்கிற ஓய்வூதியக்காரர்கள் வருடாவருடம் உயிர்வாழ்வுச் சான்றிதழைத் தூதரகம் மூலம் கொடுக்க வேண்டும், அதை மறந்தால் ஓய்வூதியம் நின்றுவிடும்.

எந்த விசா என்ற கேள்வியும் இருந்தது. இங்கிருந்தே ஒரு வருடத்துக்கு எடுக்கக்கூடிய ஓ-ஏ என்ற வகை இருக்கிறது. அதற்குப் பொலிஸ் சான்றிதழ் வேண்டும், தொழுநோய், காசநோய், யானைக்கால், போதைப்பழக்கம், மூன்றாம் நிலை சிபிலிஸ் இவையொன்றும் இல்லை என்று வைத்தியர் எழுதித் தர வேண்டும், அதைவிடப் பெரிது 3,000,000 பாத்துக்கு மருத்துவக் காப்புறுதி. இவருக்கு இரண்டு ஸ்டென்ட். கேட்ட இடமெல்லாம் இதயத்துக்குக் காப்பு இல்லை என்றார்கள் அல்லது வயதைப் பார்த்துவிட்டு எட்டாத தொகை சொன்னார்கள். அதனால் வெறும் ஓ வகைக்குப் போனோம். அது 90 நாள்தான், ஆனால் காப்புறுதி கட்டாயமில்லை, அங்கே போய் ஒரு வருடத்துக்கு நீடித்துக்கொள்ளலாம். காப்புறுதி இல்லாமல் போவது எல்லோருக்கும் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. நாங்கள் ஒரு தொகையை இவருடைய வைத்தியத்துக்கென்றே தொடாமல் வேறாக வைத்திருக்கிறோம், அப்படி வைக்க முடியாதவர்கள் காப்புறுதியைத்தான் எடுக்க வேண்டும்.

2025 தொடக்கத்திலிருந்து தாய்லாந்து விசா விண்ணப்பங்கள் எல்லாம் இணையத்தில்தான். கணவன் மனைவி என்றாலும் ஆளுக்கொரு விண்ணப்பம், ஆளுக்கொரு மின்னஞ்சல் வைத்துக்கொள்வது நல்லது. நான் என்னுடையதை நானே நிரப்பினேன், இவர் பக்கத்தில் இருந்து வாசித்துச் சரிபார்த்தார், பிறகு அவருடையதை நான் பார்த்தேன். முகவரிடம் திரும்பப் போகவில்லை. இரண்டு மாதம் அலைந்து எடுத்த திருமணச் சான்றிதழ் கடைசியில் இந்த விண்ணப்பத்துக்குத் தேவைப்படவே இல்லை. ஆனால் அந்த அலைச்சலை வீண் என்று சொல்லமாட்டேன், அங்கே ஆஸ்பத்திரியில் இவருக்கு ஒரு தடவை மயக்கம் வந்து கொண்டுபோனபோது, கையெழுத்துப் போட நீங்கள் யார் என்று கேட்டார்கள், தாய்லாந்து மொழியில் இருந்த அந்தக் காகிதத்தைத்தான் எடுத்து நீட்டினேன்.

போய் இறங்கிய பிறகு 90 நாள் என்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் போகிற காலம். நீடிப்புக்கு விண்ணப்பிக்கிற நாளில் காசு தாய்லாந்து வங்கியில் இரண்டு மாதம் இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் முதல் மூன்று கிழமைக்குள் கணக்குத் திறந்து, இங்கிருந்து காசு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். முதல் வங்கிக் கிளையில் எங்களுக்குக் கணக்குத் திறக்க மறுத்துவிட்டார்கள். குடிவரவு அலுவலகத்தில் வதிவிடச் சான்று எடுத்துக்கொண்டு இன்னொரு கிளைக்குப் போனோம், அங்கே இருந்த பெண் பொறுமையாக இருவருக்கும் தனித்தனியாகத் திறந்து தந்தார். விண்ணப்பிக்கிற அன்று காலையில் கணக்கில் நூறு பாத் போட்டுப் புத்தகத்தைப் பதிப்பித்து, அன்றைய தேதியில் வங்கியின் கடிதமும் எடுத்துக்கொண்டு போக வேண்டும், முதல் நாள் பதிப்பித்த புத்தகத்தைத் திருப்பி விடுகிறார்கள். ஒருவருக்குக் கட்டணம் 1,900 பாத்.

நீடிப்புக் கிடைத்த பிறகும் அந்த 800,000 ஐ மூன்று மாதம் தொடக்கூடாது, அதற்குப் பிறகு ஏழு மாதம் 400,000க்குக் கீழே இறங்கக்கூடாது, அடுத்த நீடிப்புக்கு முந்திய இரண்டு மாதம் திரும்பவும் முழு 800,000 இருக்க வேண்டும். 2019 மார்ச்சிலிருந்து இதுதான் விதி. ஆக இரண்டு பேராக எடுத்தால் எப்போதும் 800,000 பாத் பூட்டிக் கிடக்கும், வருடத்தில் ஐந்து மாதம் 1,600,000 உம் பூட்டிக் கிடக்கும். இது சின்னக் காசில்லை. சார்ந்திருப்பவராகப் போயிருந்தால் இதில் பாதியோடு முடிந்திருக்கும். அந்தப் பாதியைத்தான் நான் என் பேருக்காகக் கொடுத்தேன், இன்றுவரை அதற்காக ஒரு நாளும் வருந்தவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். 90 நாளுக்கு ஒருமுறை இன்ன முகவரியில் இருக்கிறேன் என்று குடிவரவுக்கு அறிவிக்க வேண்டும், தேதிக்கு 15 நாள் முன்னும் 7 நாள் பின்னும் செய்யலாம், தவறினால் 2,000 பாத் தண்டம், இதுவும் ஆளுக்கொன்று. அடுத்தது, ஊருக்கு வந்து போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது, நாட்டை விட்டு வெளியேறும் முன் மீள்நுழைவு அனுமதி எடுக்காவிட்டால் ஒரு வருட அனுமதி அந்த நிமிடமே செத்துவிடும். ஒரு தடவைக்கு 1,000 பாத், எத்தனை தடவையும் வந்து போக 3,800. நாங்கள் 3,800 இன் வகையைத்தான் எடுத்தோம். நீடிப்பும் சேர்த்து இருவருக்கும் வருடத்துக்கு 11,400 பாத். செத்த வீட்டுச் செய்தி வந்தால் முதல் விமானத்தில் ஏறி ஓடிவர வேண்டியவர்கள் நாங்கள், அந்த நேரம் அலுவலகம் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

தாய்லாந்தில் இருக்கிற பணத்துக்கு மட்டும் என்று இருவரும் அங்கே ஒரு வழக்கறிஞரிடம் தனித்தனியாக மரணசாதனம் எழுதி வைத்தோம். என்னுடையது அவருக்கு, அவருடையது எனக்கு, இரண்டு பேரும் இல்லையென்றால் மகனுக்கு. எழுதின அன்று பின்னேரம் ரயிலேறி பாங்கொக் சீலோம் வீதியில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில் அது. உள்ளே தாய்லாந்துச் சனம்தான் நிறைந்திருந்தது, மஞ்சள் செவ்வந்தி மாலையும் இளநீரும் வைத்துக் கும்பிட்டார்கள். நான் நம்முடைய பத்திரகாளி அம்மன் வாசலை நினைத்துக்கொண்டு நின்றேன். இவர், "வீட்டு நினைப்போ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

முந்தநாள் பாலையூற்றிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் அரச வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், மகள் தோஹாவில் இருந்து டொலராக அனுப்பிச் சேர்ந்த காசு கொஞ்சம் இருக்கிறது. ஒரு மணித்தியாலம் அண்ணர்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார், விசா, வாடகை, சாப்பாடு, மரக்கறி கிடைக்குமா என்று எல்லாம். அக்கா தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அவர்கள் எழும்புகிற நேரம், படலை வரைக்கும் நான் கூட நடந்தபோது, அண்ணர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருக்க, அக்கா குரலைத் தணித்து, "ரீச்சர், மகள் அனுப்பின காசெல்லாம் இவருடைய கணக்கிலதான் கிடக்கு. என் பேரில ஒண்டு திறக்க என்னென்ன கொண்டுபோக வேணும்?" என்று கேட்டார்.

புதன்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், அடையாள அட்டையோடும் கடவுச்சீட்டோடும். வங்கிக்கு நானும் கூடப் போகிறேன்.